ஃபுல் ஃப்ரேமின் அப்பா: ஆஸ்கர் பார்னாக்



ஹாஸ்டல் மாடியில் கேமரா பத்திப் பேச்சு வந்தால் அது கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். ஒருத்தன் ஃபோன் கேமராவில் எஃப்/1.8. இன்னொருத்தன் வாடகைக்கு எடுத்துட்டு வந்த ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ், அதுவும் எஃப்/1.8. ரெண்டும் 1.8-தானே? அப்புறம் ஏன் ஒரு படத்தில் பின்னாடி இருக்கிற லைட்டெல்லாம் உருண்டை உருண்டையாகக் கரைஞ்சு போகுது, இன்னொன்றில் பின்சுவரில் ஒட்டின நோட்டீஸ்கூடப் படிக்கிற மாதிரி இருக்கு? நம்பர் ஒன்றாக இருக்கும்போது வெளிச்சம் சமமா, இல்லையா? இந்தச் சண்டை விடிய விடிய நடக்கும்.

ஃபார்முலாவில் ஆரம்பிச்சால் பாதிப் பேர் அடுத்த பக்கத்துக்குப் போயிடுவீங்க என்று தெரியும். அதனால் ஒரு மனிதரில் இருந்து ஆரம்பிக்கிறேன். ஃபுல் ஃப்ரேம் என்று நாம் சொல்கிற 24 × 36 மி.மீ. அளவை நமக்குக் கொடுத்தவர் அவர். பெரிய விஞ்ஞானி இல்லை, பட்டம் வாங்கினவரும் இல்லை. ஒரு மெக்கானிக். பெயர் ஆஸ்கர் பார்னாக்.

1879 நவம்பர் 1 அன்று ஜெர்மனியின் பிராண்டன்பர்க் பகுதியில் லைனோ என்ற சின்ன ஊரில் பிறந்தார். சின்ன வயசிலேயே பெர்லின் பக்கம் ஒரு வானியல் கருவிப் பட்டறையில் தொழில் பழகினார். அந்தக் காலத்து வழக்கப்படி தொழில் கற்ற பையன்கள் ஊர் ஊராகப் போய் வெவ்வேறு பட்டறைகளில் வேலை பார்ப்பார்கள். இவரும் அப்படிச் சுற்றிவிட்டு 1902-ல் ஜெனா நகரத்தில் கார்ல் சைஸ் கம்பெனியில் சேர்ந்தார். உலகத்திலேயே நல்ல லென்ஸ் செய்கிற இடங்களில் அது ஒன்று. வாரநாளில் மைக்ரோஸ்கோப் பாகங்கள், லீவு கிடைத்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் இருக்கிற துரிங்கியா மலைக்காடு. இதுதான் அவர் வாழ்க்கை.

தூக்கிக்கொண்டு என்று சொன்னது சும்மா பேச்சுக்கு இல்லை. அவர் வைத்திருந்தது 13 × 18 செ.மீ. கண்ணாடித் தட்டில் படம் எடுக்கிற கேமரா. ஒரு நோட்டுப் புத்தகம் அளவு நெகட்டிவ். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கண்ணாடித் தகடு. ஆறு இரட்டைத் தட்டு உறைகள், பெட்டி மாதிரி ஒரு தோல் பை, கூடவே டிரைபாட். இவ்வளவும் சுமந்தால் மொத்தம் 12 படம் எடுக்கலாம். பார்னாக்குக்கு ஆஸ்துமா தொந்தரவு வேறு. ஒரு மேடு ஏறி, மூச்சு வாங்கி உட்கார்ந்து, டிரைபாடை விரித்து, கருப்புத் துணிக்குள் தலையை விட்டு ஃபோகஸ் பண்ணி முடிப்பதற்குள் மேகம் நகர்ந்து போயிருக்கும்.

அவர் மனசில் ஓடின கேள்வி ரொம்பச் சாதாரணமானது. நெகட்டிவ் இவ்வளவு பெரிசாக இருக்கணுமா? சின்னதாக எடுத்து, வீட்டுக்கு வந்து பெரிசு பண்ணினால் என்ன?

1905 வாக்கில் ஜெனாவிலேயே ஒரு சோதனை செய்து பார்த்தார். ஒரே 13 × 18 தட்டின் மேல், இடத்தை மாற்றி மாற்றி 15, 20 சின்னப் படங்கள் எடுக்கிற மாதிரி ஒரு ஏற்பாடு. எடுத்தார். பெரிசு பண்ணினார். படம் பூராவும் மணல் தூவின மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது. அந்தத் தட்டின் எமல்ஷனில் கிரெயின் அவ்வளவு முரடு. யோசனையை அப்படியே மூடி வைத்துவிட்டார்.

இந்தத் தோல்வியை ஞாபகம் வெச்சுக்கோங்க. இன்றைக்கு ராத்திரியில் ஃபோனில் எடுத்த படத்தை ஜூம் பண்ணினால் தெரிகிற நாய்ஸுக்கும் இதுக்கும் நேரடி உறவு இருக்கு.

ஜெனாவில் அவருக்கு எமில் மெஹாவ் என்று ஒரு நண்பர் இருந்தார். சினிமா புரொஜெக்டரில் படம் சிமிட்டாமல் ஓட வைப்பதற்கு ஒரு கருவியை உருவாக்கிக்கொண்டிருந்தவர். அவர் வெட்ஸ்லர் நகரத்தில் இருக்கிற எர்ன்ஸ்ட் லைட்ஸ் கம்பெனிக்கு மாறினார். மைக்ரோஸ்கோப் செய்கிற கம்பெனி. அங்கே போனதும் பார்னாக் பெயரைச் சொல்லிவிட்டார். 1911 ஜனவரியில் பார்னாக் வெட்ஸ்லர் வந்து சேர்ந்தார். சோதனைப் பட்டறை அவர் பொறுப்பு. கேமரா செய்கிற வேலை அங்கே யாருக்கும் கிடையாது, ஏன்னா அந்தக் கம்பெனி கேமராவே செய்யவில்லை.

ஆனால் சினிமா புதுசாகக் கிளம்பியிருந்த காலம் அது. பார்னாக்கும் ஒரு சினிமா கேமராவில் கை வைத்தார். அந்த வழியாக 35 மி.மீ. சினிமா ஃபிலிம் அவர் கைக்கு வந்தது. ஓரத்தில் ஓட்டை போட்ட நீளமான சுருள். கண்ணாடித் தட்டைவிடக் கிரெயின் மெல்லிசு. எட்டு வருஷத்துக்கு முன்னாடி மூடி வைத்த யோசனை மறுபடியும் எழுந்து உட்கார்ந்தது.

சினிமாவில் ஒரு ஃப்ரேம் 18 × 24 மி.மீ. ஃபிலிம் மேலிருந்து கீழே ஓடும், ஒரு ஃப்ரேமுக்கு நாலு ஓட்டை. பார்னாக் ஃபிலிமைப் படுக்கப் போட்டு ஓட்டினார். ரெண்டு ஃப்ரேமைச் சேர்த்து ஒன்றாக்கினார். எட்டு ஓட்டை, 24 × 36. அவ்வளவுதான், ஃபுல் ஃப்ரேம் பிறந்தது! எந்தத் தேவதையும் வந்து இந்த அளவைச் சொல்லவில்லை. 18 × 24 பெரிசு பண்ணினால் தாங்காது, ஃபிலிமின் அகலத்தை மாற்றவும் முடியாது, அதனால் நீளவாக்கில் இரண்டு மடங்கு. கையில் கிடைத்ததை வைத்து ஒரு மெக்கானிக் எடுத்த முடிவு.

1914 மார்ச்சில் கேமரா தயார். பட்டறையில் அதுக்கு லில்லிபுட் என்று பெயர். உலோக உடம்பு, பாக்கெட்டுக்குள் போகிற அளவு, மைக்ரோஸ்கோப் வேலைக்காகச் செய்த 42 மி.மீ. லென்ஸ் ஒன்று. ஃபிலிமை முறுக்கினால் ஷட்டரும் சேர்ந்தே ஏறிக்கொள்ளும், அதனால் ஒரே ஃப்ரேமில் தெரியாமல் இரண்டு படம் விழாது. ஒரே குறை, ஷட்டரை முறுக்கும்போது அதன் இடைவெளி மூடாது. லென்ஸுக்கு மூடி போட்டுவிட்டுத்தான் முறுக்கணும், இல்லைன்னா ஃபிலிமில் வெளிச்சம் பட்டுவிடும்.

இப்போ கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், பெருக்கலும் வகுத்தலும்தான்.

13 × 18 செ.மீ. தட்டின் மூலைவிட்டம் சுமார் 222 மி.மீ. 24 × 36 ஃப்ரேமின் மூலைவிட்டம் 43.3 மி.மீ. ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் 5.1. சின்ன கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் காட்டுகிற அதே காட்சியைப் பெரிய கேமராவில் எடுக்க ஏறத்தாழ 257 மி.மீ. லென்ஸ் வேணும்.

இரண்டிலும் எஃப்/3.5 வைக்கிறோம். எஃப் நம்பர் என்பது குவியத் தொலைவை லென்ஸ் திறப்பின் விட்டத்தால் வகுத்தது. சின்னதில் திறப்பு 14 மி.மீ. பெரிசில் 73 மி.மீ. பெரிய லென்ஸ் 26 மடங்கு அதிக வெளிச்சத்தை உள்ளே வாங்குது. ஆனால் அந்த வெளிச்சத்தை 26 மடங்கு பெரிய பரப்பில் பரப்பியும் விடுது. ஆக, ஒரு சதுர மில்லிமீட்டரில் விழுகிற வெளிச்சம் இரண்டிலும் ஒன்றுதான். ஃபிலிமின் வேகம் ஒன்றாக இருந்தால் ஷட்டர் வேகமும் ஒன்றே. எக்ஸ்போஷரைப் பொறுத்தவரை எஃப்/3.5 என்றால் எல்லா அளவிலும் எஃப்/3.5-தான். ஹாஸ்டல் சண்டையில் பாதி இங்கே முடிஞ்சு போச்சு.

மீதிப் பாதி டெப்த் ஆஃப் ஃபீல்ட், அதாவது படத்தில் முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் தெளிவாகத் தெரிகிறது என்பது. ஒரே இடத்தில் நின்று, ஒரே காட்சியை எடுத்து, ஒரே அளவில் பிரிண்ட் போட்டால், அதைத் தீர்மானிப்பது எஃப் நம்பர் இல்லை. திறப்பின் உண்மையான விட்டம். 73 மி.மீ. ஓட்டை வழியாகப் பார்த்தால் ஃபோகஸ் தவறின புள்ளி பெரிய வட்டமாகும். 14 மி.மீ. ஓட்டையில் சின்ன வட்டம். மூணு மீட்டர் தள்ளி ஒரு ஆள் நிற்கிறார் என்று வெச்சுக்குவோம். எஃப்/3.5-ல் சின்ன கேமராவில் சுமார் 86 செ.மீ. ஆழம் தெளிவாக இருக்கும். ஆள் கொஞ்சம் முன்னே பின்னே அசையலாம். பெரிய கேமராவில் 15 செ.மீ. அளவுதான். மூக்கு தெளிவாக இருந்தால் காதுக்குப் பின்னாடி மங்க ஆரம்பிச்சிடும்.

அந்த 86 செ.மீ. ஆழம் பெரிய கேமராவிலும் வேணும் என்றால் அதன் திறப்பையும் 14 மி.மீ. ஆக்கணும். அப்போ எஃப் நம்பர் 18. வெளிச்சம் 26-ல் ஒரு பங்கு. சின்ன கேமரா 1/25 வினாடியில் எடுக்கிற படத்துக்குப் பெரிய கேமரா ஒரு வினாடி முழுசாகத் திறந்திருக்கணும். ஒரு வினாடி கையில் பிடிக்க முடியுமா? டிரைபாட் வேணும். நடந்து போகிற ஆள் புகையாகப் போயிடுவார்.

பார்னாக்குக்கு எடைதான் பிரச்சினையாக இருந்தது. ஆனால் எடையைக் குறைக்கப் போய் அவர் கையில் கிடைத்தது இது: டிரைபாட் இல்லாமல், தெருவில் நடந்துகொண்டே, ஆழமும் வேகமும் சேர்த்து. 1914-ல் போர் அறிவிப்பு வந்தபோது வெட்ஸ்லர் தெருவில் எடுத்தார். 1920-ல் ஊருக்குள் வெள்ளம் வந்தபோது தெருத்தெருவாகப் போய் எடுத்தார். தட்டு கேமராக்காரர் டிரைபாடை நட்டிருந்தால் தண்ணிக்குள்தான் நட்டிருக்கணும்.

இலவசமாக எதுவும் கிடைக்காதே, இதுக்கு விலை என்ன என்று கேட்பீங்க. விலை இரண்டு. ஒன்று நமக்குத் தெரிந்ததே, கிரெயின். சதுர மில்லிமீட்டர் கணக்கில் வெளிச்சம் சமம் என்றாலும் மொத்தமாகப் படத்துக்கு வந்து சேர்ந்த வெளிச்சம் 26-ல் ஒரு பங்கு. பெரிசு பண்ணும்போது அது புள்ளியாகத் தெரியும். இரண்டாவது விலை நம்ம மெக்கானிக்கல் ஆட்களுக்கு ரொம்பப் பிடிக்கும். அதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன், கதையில் அதுக்கு ஒரு இடம் இருக்கு.

போர் வந்தது, லில்லிபுட் அலமாரிக்குப் போனது. கம்பெனி முதலாளியின் மகன் எர்ன்ஸ்ட் லைட்ஸ் இளையவர் 1914-லேயே அமெரிக்கா போனபோது அந்தக் கேமராவை எடுத்துப் போய்ப் படம் எடுத்திருந்தார். அவருக்கு அது பிடித்திருந்தது. 1920-ல் அப்பா இறந்தபின் பொறுப்பு முழுசாக அவரிடம் வந்தது. ஆனால் காலம் மோசம். 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். ரொட்டி வாங்கப் பணத்தைக் கூடையில் கொண்டு போன காலம். இதில் யார் புதுசாக ஒரு கேமரா வாங்கப் போகிறார்கள்?

அந்த 1923-ல்தான் சோதனைக்காகக் கிட்டத்தட்ட 25 கேமராக்கள் செய்தார்கள். 0 வரிசை என்று அதுக்குப் பெயர். தொழில்முறைப் படக்காரர்களிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள். வந்த கருத்து கலவை. நெகட்டிவ் தபால்தலை மாதிரி இருக்கு, இதை எப்படி ரீடச் பண்ணுவது, இது பொம்மையா என்று பலர் ஒதுக்கினார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஸ்டூடியோவில் வெளிச்சம் உண்டு, டிரைபாட் உண்டு, அசையாமல் உட்காருகிற வாடிக்கையாளர் உண்டு. அவர்களுக்குச் சின்ன நெகட்டிவின் லாபம் எதுவும் கிடையாது, நஷ்டம் மட்டும்தான்.

இடையில் இன்னொரு ஆள் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மாக்ஸ் பெரெக். கனிமங்களை ஆராய்கிற போலரைசிங் மைக்ரோஸ்கோப்பில் பெரெக் காம்பென்சேட்டர் என்று ஒரு கருவி உண்டு, அந்த பெரெக்தான். சினிமா லென்ஸ்கள் 18 × 24-க்குச் செய்தவை, 24 × 36-ன் மூலைகளை நிரப்பாது. அதனால் பெரெக் புதுசாக 50 மி.மீ. எஃப்/3.5 லென்ஸ் ஒன்றைக் கணக்குப் போட்டு வடிவமைத்தார். ஐந்து கண்ணாடித் துண்டுகள் கொண்டது, பெயர் எல்மாக்ஸ். பிறகு நாலு துண்டில் எல்மார் வந்தது. கம்ப்யூட்டர் கிடையாது, ஒவ்வொரு கதிரையும் கையால் கணக்குப் போடணும். பார்னாக் பெயரைச் சொல்கிற பலரும் பெரெக்கை விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். அந்த லென்ஸ் மட்டும் சுமாராக இருந்திருந்தால் பத்து மடங்கு பெரிசு பண்ணின பிரிண்டில் குட்டு வெளிப்பட்டு, எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

1924 ஜூனில் வெட்ஸ்லரில் ஒரு நீண்ட கூட்டம். கேமரா செய்யலாமா வேண்டாமா? வேண்டாம் என்றவர்களின் வாதம் வலுவானது. மைக்ரோஸ்கோப் கம்பெனிக்குக் கேமரா சந்தை தெரியாது, ஃபிலிம் விற்கிற கடை இல்லை, என்லார்ஜரும் நாமே செய்து கொடுக்கணும், நாட்டில் பணமும் இல்லை. எல்லாரையும் பேச விட்டுக் கேட்டபின் லைட்ஸ் இளையவர் துணிந்து செய்வது என்று முடிவு சொல்லிக் கூட்டத்தை முடித்தார். தொழிலாளர்களுக்குத் தொடர்ந்து வேலை கொடுக்கணும் என்ற எண்ணமும் அதில் இருந்தது. பார்னாக்குக்கு அப்போது 44 வயசு. ஜெனா மலையில் மூச்சு வாங்கின நாளில் இருந்து கணக்குப் பார்த்தால் இருபது வருஷம் ஆகப் போகுது.

1925 வசந்தகால லைப்சிக் சந்தையில் கேமரா வெளியே வந்தது. லைட்ஸ் பெயரில் பாதி, கேமராவில் பாதி, சேர்த்து லைகா. முறுக்கும்போது தானே மூடிக்கொள்ளும் ஷட்டர், லென்ஸ் மூடி தேவையில்லை. ஒரு சுருளில் 36 படம். 36 எப்படி வந்தது என்பதுக்கு ஒரு கதை சொல்வார்கள். பார்னாக் இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு ஃபிலிம் என்று. நிஜமோ இல்லையோ, நல்ல கதை.

இந்த முதல் லைகாவில் ஃபோகஸ் பார்க்க எந்தக் கருவியும் கிடையாது. தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு லென்ஸில் திருப்பி வைக்கணும். இது எப்படி வேலைக்கு ஆச்சு? மறுபடியும் அதே டெப்த்தான். எஃப்/8 வைத்து, ஃபோகஸை 9.4 மீட்டரில் நிறுத்தினால் 4.7 மீட்டரில் இருந்து தொடுவானம் வரைக்கும் எல்லாம் தெளிவு. தெருவில் இனி ஃபோகஸைத் தொடவே வேண்டாம். 13 × 18 கேமராவில் இதே எஃப்/8-க்குக் கிட்டத்தட்ட 24 மீட்டருக்கு அப்பால் இருப்பதுதான் தெளிவாகும். அதுக்குக் கருப்புத் துணியும் ஃபோகஸ் கண்ணாடியும் கட்டாயம்.

தெளிவு என்று எதைச் சொல்கிறோம் என்பதையும் சொல்லிடணும், இல்லைன்னா கணக்குக்கு அடி கிடையாது. ஒரு புள்ளி ஃபிலிமில் எவ்வளவு பெரிய வட்டமாக மங்கினால் பிரிண்டில் இன்னும் புள்ளியாகவே கண்ணுக்குத் தெரியும்? லைகாவுக்கு வைத்த அளவு 1/30 மி.மீ. பெரிய தட்டில், குறைவாகப் பெரிசு பண்ணுவதால், அதே பிரிண்டுக்கு 1/6 மி.மீ. வரைக்கும் விடலாம். ஆன்லைன் கால்குலேட்டரில் சென்சார் அளவை மாற்றினதும் விடை மாறுவது இந்த எண்ணால்தான்.

அதே காலத்தில் வேறொரு வழியும் இருந்தது. 1924-ல் எர்மனாக்ஸ் என்ற கேமரா வந்தது. 4.5 × 6 செ.மீ. தட்டு, 100 மி.மீ. எஃப்/2 லென்ஸ். எரிஷ் சாலமன் என்ற பத்திரிகைப் படக்காரர் 1928-ல் அதைத் தொப்பிக்குள் ஒளித்து நீதிமன்றத்துக்குள் கொண்டு போய்ப் படம் எடுத்தார். வெளிச்சத்தில் எர்மனாக்ஸ் லைகாவை மூணு மடங்கு தோற்கடிக்கும். ஆனால் மூணு மீட்டர் தூரத்தில் எஃப்/2-ல் அதன் டெப்த் வெறும் 21 செ.மீ. லைகாவின் எஃப்/3.5-ல் கால் பங்கு. திறப்பின் விட்டம் 50 மி.மீ. ஆச்சே! சாலமன் பெரிய கில்லாடி, அதை வைத்தே சாதித்தார். ஆனாலும் கொஞ்ச வருஷத்தில் அவரும் லைகாவுக்கு வந்துவிட்டார்.

இப்போ தள்ளி வைத்த அந்த இரண்டாவது விலை.

சின்ன ஃபார்மட் லென்ஸுக்கு வெளியே, ஆள் நிற்கிற பக்கம், தாராளமாக இருக்கு. 15 செ.மீ. இருந்த இடத்தில் 86 செ.மீ. ஆனால் லென்ஸுக்கு உள்ளே, ஃபிலிம் இருக்கிற பக்கம், அப்படியே தலைகீழ். ஃபிலிம் சரியான இடத்தில் இருந்து எவ்வளவு விலகலாம் என்பது எஃப் நம்பரையும் மங்கல் வட்டத்தையும் பெருக்கினால் வரும். எஃப்/3.5-ல் தட்டு கேமராவுக்கு 0.6 மி.மீ. முன்னே பின்னே போகலாம். ஒரு தச்சர் மரத்தில் செய்கிற பெட்டியிலேயே அது கிடைக்கும். லைகாவுக்கு 0.12 மி.மீ. அதுவும் விளிம்பு மதிப்பு, நல்ல படம் வேணும்னா அதிலும் பாதிக்குள் நிற்கணும். மரமும் தோலும் இதுக்கு ஆகாது. உலோகத்தை நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கணக்கில் கடைகிற ஆட்கள் வேணும். அப்படிப்பட்டவர்கள் எங்கே இருந்தார்கள்? மைக்ரோஸ்கோப் பட்டறையில்! படக்காரர் தலையில் இருந்த சுமையை எடுத்து லேத்தில் நிற்பவர் தலையில் வைத்தார் பார்னாக். அவரே லேத்தில் வளர்ந்தவர் என்பதால் அது முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த விலை எவ்வளவு நிஜம் என்பது 1930-ல் தெரிந்தது. அந்த வருஷம் லென்ஸைக் கழற்றி மாட்டுகிற லைகா வந்தது. ஆனால் ஒரு கேமராவின் லென்ஸ் இன்னொரு கேமராவுக்குச் சேராது. ஒவ்வொரு லென்ஸையும் அந்தந்த உடம்புக்குத் தனியாகப் பொருத்திக் கொடுத்தார்கள். 1931-ல்தான் லென்ஸ் உட்காரும் வளையத்தில் இருந்து ஃபிலிம் வரைக்கும் 28.8 மி.மீ. என்று எல்லா உடம்புக்கும் ஒரே அளவாக்கினார்கள். இன்டர்சேஞ்சபிலிட்டி, டாலரன்ஸ் என்று நாம் மெட்ராலஜி வகுப்பில் தூங்கிக்கொண்டே எழுதினோமே, அதேதான். 1932-ல் லைகா II-ல் லென்ஸோடு இணைந்த ரேஞ்ச்ஃபைண்டர் வந்தது. டெலிஃபோட்டோ லென்ஸும் பெரிய திறப்புள்ள லென்ஸும் வந்துவிட்டதால் கண் மதிப்புக்கு இனி வேலை இல்லை. திறப்பு பெரிசானால் டெப்த் போயிடும் என்ற விதி சின்ன ஃபார்மட்டையும் விடாது.

1932-ல்தான் கார்த்தியே ப்ரெஸ்ஸோன் மார்செய் நகரத்தில் ஒரு லைகா வாங்கினார். அதே வருஷக் கடைசியில் ராபர்ட் கபா கோபன்ஹேகனில் ட்ராட்ஸ்கி மேடையில் பேசும்போது லைகாவில் எடுத்தார். தெருவும் கூட்டமும் போர்க்களமும் படத்துக்குள் வந்த கதை இதுக்கு அப்புறம் நீளமானது. அது பார்னாக்கின் கதை இல்லை. அவர் வெட்ஸ்லரிலேயேதான் இருந்தார், அடுத்த மாடலில் எதைச் சரி பண்ணலாம் என்று பார்த்துக்கொண்டு. உடம்பு கடைசி வரை ஒத்துழைக்கவில்லை. 1936 ஜனவரி 16 அன்று பாட் நௌஹைம் ஊரில் இறந்தார். வயசு 56.

சரி, ஹாஸ்டல் மாடிக்குத் திரும்புவோம். இன்றைக்குப் பார்னாக்கின் 24 × 36 பெரிய ஃபார்மட் ஆகிவிட்டது. அன்றைக்குத் தட்டு கேமரா இருந்த இடத்தில் இன்றைக்கு ஃபுல் ஃப்ரேம், லில்லிபுட் இடத்தில் ஃபோன். நல்ல ஃபோனின் மெயின் சென்சார் மூலைவிட்டம் சுமார் 12 மி.மீ. இருக்கும். 43.3-ஐ 12-ஆல் வகுத்தால் 3.6. எஃப்/1.8-ஐ இதால் பெருக்குங்க, 6.5 வரும். அதாவது ஃபோனின் எஃப்/1.8, டெப்த் கணக்கில் ஃபுல் ஃப்ரேமின் எஃப்/6.5 மாதிரி. நோட்டீஸ் படிக்க முடிஞ்சது அதனால்தான். எக்ஸ்போஷரில் அது எஃப்/1.8-தான், ஒரே ஐ.எஸ்.ஓ., ஒரே ஷட்டர் வைத்தால் இரண்டு படமும் ஒரே பிரகாசம். ஆனால் மொத்த வெளிச்சம் 13-ல் ஒரு பங்கு, அதனால் இருட்டில் நாய்ஸ். ஜெனாவில் பார்னாக் பார்த்த அதே மணல். ஃபுல் ஃப்ரேம்காரன் எஃப்/6.5-க்கு மூடி, அதே ஷட்டருக்காக ஐ.எஸ்.ஓ-வை 13 மடங்கு ஏற்றினால் டெப்த்தும் நாய்ஸும் ஃபோனுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். பெரிய சென்சாரின் லாபம், அப்படி மூடாமலும் இருக்கலாம் என்ற வசதி.

ஏ.பி.எஸ்-சி கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிராப் சென்சாரில் டெப்த் கூடுமா குறையுமா என்று கேட்டால் இரண்டு விடையும் சரி. அதே 50 மி.மீ. லென்ஸ், அதே எஃப் நம்பர், அதே இடத்தில் நின்று எடுத்து, ஃபுல் ஃப்ரேம் படத்தோடு அதே அளவு பிரிண்ட் போட்டால் டெப்த் 1.5 மடங்கு குறையும், ஏன்னா படத்தை அதிகமாகப் பெரிசு பண்ணுகிறோம். காட்சி ஒரே மாதிரி வரணும் என்று 1.5 மடங்கு தூரம் பின்னாடி போய் நின்றால் டெப்த் 1.5 மடங்கு கூடும். எதை மாற்றாமல் வைத்தோம் என்று முதலில் சொல்லாமல் சண்டை போட்டால் விடிஞ்சாலும் முடியாது.

ஃபோனின் போர்ட்ரெய்ட் மோட் இல்லாத டெப்த்தை மென்பொருளால் இழைக்கிறது. முடி ஓரத்திலும் கண்ணாடிக் கம்பியிலும் அது தடுமாறுவதை எல்லாரும் பார்த்திருப்பீங்க. அன்றைக்குக் கிரெயினைச் சமாளிக்க நல்ல ஃபிலிமும் பெரெக்கின் லென்ஸும் வேணும். இன்றைக்கு நைட் மோட் அடுத்தடுத்துப் பல ஃப்ரேம் எடுத்து ஒன்றாகச் சேர்த்து அந்த 13 மடங்குப் பற்றாக்குறையை ஈடுகட்டப் பார்க்குது.

2022 ஜூனில் வெட்ஸ்லரில் ஒரு ஏலம் நடந்தது. 0 வரிசையில் 105 என்ற எண் போட்ட கேமரா, பார்னாக் தானே கையில் வைத்துப் பயன்படுத்தியது, வியூஃபைண்டர் மேல் அவர் பெயர் பொறித்தது. 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்குப் போனது. அதுவரைக்கும் வேறு எந்தக் கேமராவும் அந்த விலைக்கு விற்றதில்லை. 0 வரிசை என்பதால் தானே மூடிக்கொள்ளும் ஷட்டர் அதில் கிடையாது. வாங்கினவர் படம் எடுக்க ஆசைப்பட்டால், ஒவ்வொரு படத்துக்கு அப்புறமும் லென்ஸுக்கு மூடி போட்டுவிட்டுத்தான் முறுக்கணும்.